தண்டனை முடியும் நாள்

நீதிமன்றம் ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும்பொழுது அதன் கால அளவையும் கூறிவிடுகிறது. ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு. அந்தக் காலம் கழிந்ததும் சிறைக்கதவு திறக்கப்படுகிறது. உள்ளே சென்றவர் வெளியே வருகிறார். ஆனால் அவருடைய பெயரைத் தாங்கிய பதிவேடு எந்த நாளில் மூடப்படும் என்பதைத் தீர்ப்பு சொல்வதில்லை. அவர் வேலைக்கு மனுச் செய்தால், அந்தப் பதிவேடு அவருக்கு முன்னதாகவே அலுவலகத்துக்குச் சென்று அமர்ந்துகொள்கிறது. அவர் கல்லூரியில் இடம் கேட்கும்பொழுதும், குடியிருக்க வீடு கேட்கும்பொழுதும் அதுவே முந்திக்கொண்டு பேசுகிறது. சட்டம் விதித்த தண்டனை முடிந்த பிறகும், சட்டம் விதிக்காத மற்றொரு தண்டனை தொடர்ந்து நடைபெறுகிறது.

இது சில தனி மனிதர்களின் துயரம் மட்டுமன்று. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்தப் பதிவேட்டை முதலில் எழுதியவர் யார், அதை அழிக்க முயன்றவர் யார், அழித்த பின்னும் அது எங்கெங்கே மறைந்திருந்தது என்பவற்றைக் கடந்த 150 ஆண்டுகளின் வரலாற்றில் தேடிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம். இச்சரித்திரத்தின் ஒரு பகுதி மதுரைச் சீமையில் நடந்தது. மற்றப் பகுதிகள் ஆந்திரம், மகாராட்டிரம், குசராத்து, இராசத்தானம், தில்லி ஆகிய இடங்களில் நடந்தன. பிறந்த மண்ணை விட்டு அவ்விடங்களில் வாழ்ந்து வரும் நமக்கு இது அயலார் கதை ஆகாது.

குற்றமின்றி ஏறிய பெயர்கள்

குற்றம் செய்தவனின் பெயரைப் பதிவு செய்வது எந்த அரசாங்கமும் செய்யும் காரியமே. ஆனால் குற்றம் எதுவும் செய்யாத லட்சக்கணக்கான மக்களின் பெயர்களை, அவர்கள் இன்ன குலத்தில் பிறந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றப் பதிவேட்டில் ஏற்றிய சட்டம் ஒன்று நம் நாட்டில் 81 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1871-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சியினர் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டமே அது. தச்சன் மகன் தச்சனாகவும் நெசவாளன் மகன் நெசவாளனாகவும் வளரும் நாட்டில், திருடும் குலத்தில் பிறந்தவனும் திருடனாகவே வளர்வான் என்பது அச்சட்டத்தை ஆதரித்தோரின் வாதம். தொழிலையும் குற்றத்தையும் ஒன்றாக மயக்கிய இவ்வாதம் அன்று அறிவியல் போலவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உண்மையில் நடந்தது என்ன? ஊர் ஊராகச் சென்று வாணிகம் செய்த பல கூட்டத்தாரின் பிழைப்பு 19-ஆம் நூற்றாண்டில் குலைந்தது. குறவர், எருகுலர் முதலியோர் கடற்கரையிலிருந்து உப்பையும் உள்நாட்டிலிருந்து தானியத்தையும் பொதிமாடுகளில் ஏற்றிச் சென்று விற்றவர்கள். அரசாங்கத்தாரின் உப்புக் கொள்கையும், புதிதாக வந்த இரயில் பாதைகளும் அவர்களுடைய வாணிகத்தை விழுங்கின. காடுகள் அரசுடைமை ஆனதும் காட்டுப் பொருள்களை நம்பியிருந்தவர்களின் வழியும் அடைபட்டது. நிலையான வீடும் நிலமும் இல்லாமல் அலைந்து திரிபவன் ஐயத்துக்கு உரியவன் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் முன்பே இருந்தது. ஆகவே முதலில் பிழைப்புப் போயிற்று. பிறகு பெயரும் போயிற்று. இந்த வரிசையை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

தொடக்கத்தில் வட இந்தியப் பகுதிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த இச்சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை இராசதானிக்கும் வந்து சேர்ந்தது. 1924-இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. பட்டியலில் ஏறிய சாதியினர் தம் கைரேகையைப் பதிவு செய்ய வேண்டும். குறித்த காலங்களில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். அனுமதிச் சீட்டு இன்றி வெளியூர் செல்லக் கூடாது. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றும், அச்சீட்டை 'ராதாரிச் சீட்டு' என்றும் வழங்கினர். அறுவடைக் காலத்தில் அயலூருக்குக் கூலி வேலைக்குப் போகவும், சந்தைக்கு மாடு பிடித்துச் செல்லவும், திருமணத்துக்குப் போகவும் அந்தச் சீட்டு வேண்டும். இரவுகளில் காவலர் கண்ணில் படும்படி கிடக்க வேண்டியவனுக்கு, நெடுந்தொலைவு சென்று செய்யும் வேலை எப்படிக் கிடைக்கும்? பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போவது என்பது நம் போன்றோருக்கு இயல்பான உரிமையாகத் தோன்றுகிறது. அந்த உரிமைதான் அவர்களிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது.

மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள் மீது இச்சட்டம் சுமத்தப்பட்டபொழுது அவர்கள் எதிர்த்து நின்றனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். மாயக்காள் என்ற பெண் உட்பட, பதினாறு பேருக்குக் குறையாமல் உயிர் துறந்தனர். அவர்கள் பக்கம் நின்று வாதாடியவர்களுள் மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப் குறிப்பிடத்தக்கவர். கேரளத்தில் செங்கன்னூரில் பிறந்த அவரை அம்மக்கள் 'ரோசாப்பூத் துரை' என்று அன்போடு அழைத்தனர். வேற்று மாநிலத்தில் பிறந்த ஒருவர், தாம் குடியேறிய ஊரின் எளிய மக்களுக்காகப் பாடுபட்டதை வெளி மாநிலத் தமிழர்கள் சிறப்பாக நினைவுகூர வேண்டும்.

கண்காணிப்பின் கீழ்க் கல்வியும் வேலையும்

அதே 1920-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றியது. சென்னைக் குழந்தைகள் சட்டம் என்னும் அது, இந்தியாவிலேயே அத்துறையில் முதலாவதாகும். தவறு செய்த சிறுவரைப் பெரிய குற்றவாளிகளோடு அடைக்கலாகாது. அவர்களைத் திருத்திப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. குற்றம் செய்த குழந்தையையும் திருத்தலாம் என்று சொன்ன அதே ஆட்சி, குற்றம் செய்யாத பெரியோர்களைத் திருத்த முடியாதவர்கள் என்று பட்டியலிட்டு வைத்திருந்தது! ஓர் ஆட்சியின் இரண்டு மேசைகளில் இரண்டு நியாயங்கள் எழுதப்பட்டன.

இந்த முரண்பாட்டை உணர்ந்தோ, எதிர்ப்பைக் கண்டு அஞ்சியோ, அரசாங்கத்தார் கண்காணிப்போடு கல்வியையும் சேர்த்து வழங்கத் தலைப்பட்டனர். மதுரைப் பகுதியில் கள்ளர் சீரமைப்புத் திட்டம் தோன்றிற்று. அதன் வழியாக நிறுவப்பட்ட பள்ளிகள் நாடு விடுதலை அடைந்த பின்னும் பல தலைமுறைகளுக்கு அப்பெயரிலேயே நடந்து வந்தன. அப்பள்ளிகளிற் பயின்று ஆசிரியராகவும், இராணுவத்தினராகவும், அரசு அலுவலராகவும் உயர்ந்தோர் பலர். கல்வி எங்கிருந்து வந்தாலும் அதன் பயன் கல்விதான். ஆயினும் 'சீரமைப்பு' என்ற சொல், சீர் குலைந்தவர்கள் நீங்கள் என்று மாணவனுக்குத் தினந்தோறும் நினைவூட்டியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வேலையின் கதையும் இவ்வாறே. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், இன்றைய ஆந்திர மாநிலத்தில் பாபட்லாவுக்கு அருகே ஸ்டூவர்ட்டுபுரம் என்ற குடியிருப்பு அமைக்கப்பட்டது. கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினராக இருந்த சர் ஹாரல்டு ஸ்டூவர்ட்டின் பெயரால் வழங்கிய அந்தச் 'செட்டில்மெண்'டை இரட்சணிய சேனையார் நடத்தினர். எருகுலக் குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டு, நிலத்திலும் புகையிலைத் தொழிலிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. பம்பாய் மாகாணத்துச் சோலாப்பூர்க் குடியிருப்பினர் நூல் ஆலைகளுக்கு அனுப்பப்பட்டனர். வேலை கிடைத்தது உண்மையே. ஆனால் அவ்வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடும் உரிமை கிடைக்கவில்லை. கூலி போதாது என்று விலகிச் சென்றால் அது கூலித் தகராறு ஆகாது. சட்ட மீறல் ஆகிவிடும். ஆலைக்காரருக்கு ஓடிப் போகாத ஆட்கள் கிடைத்தனர்; அரசாங்கத்தாருக்குச் சீர்திருத்தம் செய்தோம் என்ற திருப்தி கிடைத்தது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. வேலையும் கல்வியும் மனிதனை நிமிரச் செய்யும் என்பது மெய்தான். ஆனால் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே அவற்றை வழங்கினால், அவை விடுதலையாக அமைவதில்லை. விலங்கின் மற்றொரு வடிவமாகவே அமைகின்றன.

1952-க்குப் பின்

தமிழகத்தில் முத்துராமலிங்கத் தேவர் முதலிய தலைவர்களின் இடைவிடாத போராட்டத்தின் பயனாக, 1947-இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்குமாக ஆராய 1949-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் மக்களவைத் தலைவராக விளங்கிய எம். அனந்தசயனம் அய்யங்கார் அதன் தலைவர். பிறப்பினால் குற்றவாளி என்ற கொள்கை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்ற நிலைக்கு நாடு வந்திருந்தது. குழுவின் பரிந்துரைக்கிணங்க, 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் முதல் குற்றப் பரம்பரையினர் சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது. வட மாநிலங்களில் அம்மக்கள் ஆண்டுதோறும் அந்நாளைத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சி எழுகிறது. சட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இம்மக்களை ஆங்கில அரசாணைகள் 'அறிவிக்கை நீக்கப்பட்டோர்' என்ற பொருளில் குறித்தன. இது வெறும் அலுவலகச் சொல். ஒரு காகிதம் ரத்தாயிற்று என்பதற்கு மேல் எதையும் அது கூறவில்லை. இந்தியில் 'விமுக்த ஜாதி' என்றனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். தமிழிலோ 'சீர்மரபினர்' என்ற பெயர் நிலைத்தது. சீரிய மரபை உடையோர் என்பது பொருள். ஒரே கூட்டத்தாரை ஒரு மொழி காகிதத்தால் அளந்தது. ஒரு மொழி விடுதலையால் அளந்தது. நம் மொழி மரியாதையால் அளந்தது. பெயர் மாற்றம் பெரிதன்று என்பார் உண்டு. பெயரினாலேயே 81 ஆண்டுகள் தண்டிக்கப்பட்டவர்களிடம் அவ்வாறு கூற முடியாது.

எனினும், பெயர் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. பழைய சட்டம் போன இடத்தில், 'வழக்கமான குற்றவாளிகள்' பற்றிய சட்டங்கள் மாகாணந்தோறும் எழுந்தன. சென்னையில் 1948-லேயே அத்தகைய சட்டம் ஒன்று வந்தது. இவை குலத்தைக் குறிப்பதில்லை. பலமுறை தண்டனை அடைந்த தனி மனிதரையே குறிக்கின்றன. சட்டத்தின் எழுத்து அப்படி. காவல் நிலையத்தின் பழக்கம் வேறு. ஊரில் களவு நடந்தால், பழைய பட்டியலில் இருந்த குடியிருப்புக்குள்ளேயே முதலில் நுழைவது என்ற முறை பல இடங்களில் நீடித்தது. இத்தகைய சட்டங்களை நீக்கவேண்டும் என்று 2007-இல் ஐக்கிய நாடுகள் சபையின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு இந்தியாவைக் கேட்டுக்கொண்டது.

மகாராட்டிரத்து எழுத்தாளர் லட்சுமண் கெய்க்வாட் தம் வாழ்க்கையை 'உசல்யா' என்ற மராத்தி நூலாக எழுதினார். 1988-இல் அது சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற அவர், குலப்பெயர் தெரிந்ததும் வேலைக் கதவுகள் எவ்வாறு அடைபடும் என்பதை அதில் பதிவு செய்தார். 1998-இல் மேற்கு வங்காளத்துப் புருலியா மாவட்டத்தில், சபர் என்னும் பழங்குடியைச் சேர்ந்த புதன் சபர் போலீஸ் காவலில் இறந்தார்; கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்டு, அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவ்வழக்கின் எதிரொலியாக, அகமதாபாதிலுள்ள சாராநகர் என்ற குடியிருப்பின் இளைஞர்கள் 'புதன் தியேட்டர்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினர். சாரா மக்களும் பழைய பட்டியலில் இருந்தவர்களே. முகவரியைக் கண்டதும் வேலை மறுக்கப்பட்ட அவ்விளைஞர்கள், தம் குடியிருப்பில் ஒரு நூலகத்தையும் நிறுவினர். வேலை தர மறுத்த சமூகத்துக்கு நடுவே பலர் சட்டம் பயின்று வழக்கறிஞராயினர். குற்றவாளிக் கூண்டைக் காட்டி அச்சுறுத்தப்பட்ட குலத்தினர், அதே நீதிமன்றத்தில் கருப்பு அங்கி அணிந்து நின்றது சிறிய மாற்றமன்று.

2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வரிசையில் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கு அது. சமையல் வேலை ஒரு சாதிக்கு, துப்புரவு வேலை மற்றொரு சாதிக்கு என்று வகுத்த சிறை விதிகள் செல்லாதவை என்றும், சிறைப் பதிவேடுகளில் சாதி என்ற பத்தி இருக்கலாகாது என்றும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகள் நிற்க மாட்டா என்றும் நீதிமன்றம் கூறிற்று. 1952-இல் மூடப்பட்டதாக நாம் எண்ணிய பதிவேடு, 72 ஆண்டுகள் கழித்தும் சிறைக் கையேடுகளின் பக்கங்களில் உயிரோடு இருந்திருக்கிறது!

நம்பிக்கை என்னும் சோதனை

இதுவரை பிறப்பினால் பதிவேட்டில் ஏறியவர்களைப் பற்றிப் பேசினோம். செயலால் ஏறியவர்களின் நிலை என்ன? உண்மையாகவே குற்றம் செய்து, தண்டனையும் அனுபவித்தவனுக்கு வேலை தரலாமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. இதற்கும் நம் நாட்டில் விடை தேடியவர்கள் இருந்தனர்.

இன்றைய மகாராட்டிரத்தில் இருந்த ஔந்து என்ற சிறிய சமஸ்தானத்தில், 1939-இல் சுதந்திரபுரம் என்ற திறந்தவெளிச் சிறை நிறுவப்பட்டது. கைதிகள் விலங்கின்றி நிலத்தை உழுது வாழ்ந்தனர். அம்முயற்சியில் முன்னின்ற மாரிஸ் பிரைட்மன் என்ற போலந்து நாட்டுப் பொறியாளர், காந்தியடிகளிடம் ஈடுபாடு கொண்டவர்; திருவண்ணாமலையில் இரமண மகரிஷியை நாடி வந்தவர்களுள் ஒருவர். இச்சோதனையைக் கருவாகக் கொண்டே வி. சாந்தாராம் 1957-இல் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். ஆறு கைதிகளை நம்பி வெளியே அழைத்துச் சென்று உழவராக்கும் சிறை அதிகாரியின் கதை அது. 1975-இல் எம்.ஜி.ஆர். நடித்துத் தமிழில் வெளிவந்த 'பல்லாண்டு வாழ்க' அதன் மறுஆக்கமே. படத்தைக் கண்டு கண் கலங்கியவர் நம்மிற் பலர். அதன் பின்னே ஓர் உண்மையான ஊர் இருந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

நாட்டில் குற்றப் பரம்பரையினர் சட்டம் நீங்கிய அதே 1952-ஆம் ஆண்டில், உத்தரப்பிரதேசத்தில் காசிக்கு அருகே சகியா என்னும் இடத்தில் சந்திரபிரபா நதியின் அணை வேலைக்குக் கைதிகள் முகாமிட்டு அழைத்துச் செல்லப்பட்டனர். வெளிக் கூலியாட்களைப் போல் அவர்களுக்கும் கூலி வழங்கப்பட்டது. அம்முயற்சிக்கு ஊக்கம் அளித்த சம்பூர்ணானந்தர் பின்னர் இராசத்தானத்தின் ஆளுநர் ஆனார். அவர் காலத்தில், 1963-இல், செய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் திறந்தவெளிச் சிறை உருவாயிற்று. அங்குள்ள கைதிகள் குடும்பத்தோடு வாழ்கின்றனர். பகலில் ஊருக்குள் சென்று தாமே தேடிக்கொண்ட வேலையைச் செய்கின்றனர். குறித்த நேரத்தில் திரும்பி வந்து பெயர் கூப்பிடும்பொழுது நிற்கின்றனர். கொலைக் குற்றத்துக்காக நெடுந்தண்டனை பெற்றோரும் அவர்களுள் உண்டு.

தில்லியில் திஹார் சிறையில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1994-இல் பாட மையம் தொடங்கிற்று. சிறைக்குள் இருந்தே பட்டம் பெறும் வழி அதனால் பிறந்தது. 2011-இல் நிறுவனங்கள் சிறைக்கு நேரில் வந்து, விடுதலையாகும் நிலையில் இருந்தோரை நேர்காணல் செய்து வேலைக்குத் தேர்ந்தெடுத்தன. சிறை வாயிலுக்கு வெளியே வேலை காத்திருப்பதற்கும் வெறும் வீதி காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் குறித்த எல்லை

வேலையும் கல்வியும் ஒரு பக்கம் இருக்க, பதிவேட்டை மூடுவதற்குச் சட்டம் என்ன செய்தது? இவ்வகையில் மூன்று சட்டங்களை நேயர்கள் அறிந்துவைத்தல் நலம்.

முதலாவது, 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். சிறிய குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்க நீதிமன்றத்துக்கு இது அதிகாரம் தருகிறது. அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பினால் வேறு சட்டங்களின்படி நேரக்கூடிய தகுதியிழப்பு நேராது என்று அதன் 12-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், ஏற்கெனவே பணியில் உள்ள ஒருவரின் நடத்தைக்காகத் துறையினர் எடுக்கும் நடவடிக்கையை இப்பிரிவு தடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் பின்னர்த் தெளிவாக்கியது.

இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த குற்றத்தால் அவருக்குப் பிற்காலத்தில் தகுதிக்குறைவு உண்டாகாது என்றும், மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் அவர்தம் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் அதன் 24-ஆம் பிரிவு விதிக்கிறது. பதினாறு வயதைக் கடந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவரைப் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்துவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த முந்திய சட்டத்திலும் இத்தகைய பாதுகாப்பு இருந்தது.

மூன்றாவது, வழக்கறிஞர்கள் சட்டம். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. ஆனால் விடுதலையாகி இரண்டாண்டுகள் கழிந்தால் அத்தடை நீங்கிவிடும் என்று அது சொல்கிறது. நீதியைக் காக்கும் தொழிலுக்கே தடையின் முடிவு நாளைச் சட்டம் குறித்துவைத்திருக்கும்பொழுது, மற்றத் தொழில்களுக்கு அத்தகைய நாளைக் குறிப்பது ஏன் இயலாது என்ற கேள்வி எழுகிறதன்றோ?

அரசுப் பணிக்குத் தேர்வானவர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கைது செய்யப்பட்டதுண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று அது கேட்கும். அதன் பின்னர்ப் போலீஸ் விசாரணை நடைபெறும். இந்தக் கேள்விகளுக்கு அஞ்சி உண்மையை மறைத்தவர் பலர். மறைத்த காரணத்தாலேயே வேலை இழந்தவரும் பலர். தில்லிப் போலீசில் பணிக்கு மனுச் செய்த இளைஞர் ஒருவர், தாம் முன்பே விடுதலை பெற்றுவிட்ட ஒரு வழக்கைக் குறிப்பிடாமல் விட்டார். 2011-இல் அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபொழுது, இளமையில் செய்த சிறு பிழைகளைப் பெருந்தன்மையோடு நோக்க வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். பசிக்காக ரொட்டி திருடி, ஆயுள் முழுவதும் திருடன் என்ற முத்திரையைச் சுமந்த ழான் வல்ழான் என்ற பாத்திரத்தையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். விக்தோர் ஹியூகோ படைத்த அப்பாத்திரம் நமக்குப் புதியதன்று; சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்த கதையின் நாயகன் அவனே. 1950-இல் நாகையா நடிக்க அது திரைப்படமாகவும் வந்தது.

2016-இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அவதார் சிங் வழக்கில் இதற்கு நெறிமுறைகளை வகுத்தது. கேட்ட தகவலை உண்மையாகக் கூறவேண்டும். மறைத்தது அற்பமான வழக்கு ஆயின், வேலை தருவோர் அதைப் பொறுக்கலாம். குற்றத்தின் தன்மை, பணியின் தன்மை ஆகியவற்றை எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும். படிவத்தில் தெளிவாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாதது மறைத்தல் ஆகாது. உண்மையைச் சொன்ன பிறகும், தகுதியை ஆராயும் உரிமை வேலை தருவோருக்கு உண்டு என்பதையும் அத்தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆகவே நேயர்கள் தம் வீட்டு இளைஞர்களுக்குச் சொல்லத்தக்க அறிவுரை இது: மறைக்க வேண்டா, தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள், விடுதலையா, நன்னடத்தை விடுவிப்பா, தண்டனையா என்பதைச் சரியான சொல்லால் எழுதுங்கள். மூன்றுக்கும் சட்டத்தில் வெவ்வேறு பொருள் உண்டு.

நம் கடமை

1871 முதல் இன்றுவரை நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு செய்தி புலனாகிறது. பதிவேட்டை அழிக்காமல் வேலையை மட்டும் கொடுத்த இடத்தில் அது அடிமைத்தனம் ஆயிற்று. செட்டில்மெண்டுகள் இதற்குச் சான்று. வேலையையும் கல்வியையும் கொடுக்காமல் பதிவேட்டை மட்டும் அழித்த இடத்தில் அது வெறுங்காகிதம் ஆயிற்று. 1952-க்குப் பிந்திய காலம் இதற்குச் சான்று. இரண்டும் ஒருங்கே அமைந்தால்தான் மனிதன் மீள்கிறான்.

சட்டங்கள் தம் பங்கை ஓரளவு செய்திருக்கின்றன. எஞ்சிய பங்கு அலுவலக மேசைகளிலும், கடைகளிலும், வீட்டுத் திண்ணைகளிலும் கிடக்கிறது. அயலூரில் நாம் முதன்முதல் வீடு கேட்டுச் சென்றபொழுது, மொழி தெரியாதவன், ஊர் பேர் தெரியாதவன் என்று நம்மையும் ஐயக்கண்ணோடு பார்த்தவர் இருந்தனர். யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்த இடத்திலிருந்தே நம் வாழ்வு தொடங்கிற்று. இன்று நம்மிற் பலர் வேலை தரும் நிலையில் இருக்கிறோம். சிலர் பள்ளிக் குழுக்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கிறோம். தண்டனையை முடித்துக்கொண்டு வந்த ஒருவர் நம் வாயிலில் நிற்கும்பொழுது, அவர் செய்த குற்றம் எது, அது நிகழ்ந்து எத்தனை ஆண்டாயிற்று, நாம் தரும் வேலைக்கும் அக்குற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்போமாக. உயர்ந்த நீதிமன்றம் அலுவலகங்களிடம் எதிர்பார்க்கும் நியாயமும் ஏறக்குறைய இதுவே.

இம்மூன்றையும் கேளாமல் கதவை மூடுகிறவர், 1871-ஆம் ஆண்டின் பதிவேட்டைத் தம் கையால் தொடர்ந்து எழுதுகிறவரே ஆவார். நீதிபதி குறித்த நாளில் தண்டனை முடிந்துவிட்டது என்று ஏற்றுக்கொள்வது, சட்டத்தை மதிக்கும் குடிமக்கள் அனைவருக்கும் உரிய கடமையாகும்.